முதல் மேட்சிலேயே ஊர் திரும்பும் அணிகள்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நான் கோபிக்காரன். பாஸ்கெட்பால் ஆடத் தெரியாது. ஆனால் எங்கள் காலேஜ் டீம் எங்கே ஆடினாலும் ஓ.டி. (வகுப்புக்கு வராமல் போக அனுமதி) இல்லாமலேயே கூடப் பஸ் ஏறிவிடுவேன். போன மாதம் கோவையில் ஒரு டோர்னமென்ட். காலை ஏழு மணிக்கு மேட்ச், எட்டரைக்கு எங்கள் கதை முடிந்தது. நான்கு பாயின்ட்டில் தோல்வி. பி.டி. சார் மேட்ச் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு பேர் போனதில் ஆறு பேர்தான் கோர்ட்டில் கால் வைத்தார்கள்.

கோச்சிங் சரியில்லை என்பது என் கருத்து. ரூல்ஸும் அடிக்கடி மாறிக் குழப்புகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் இருப்பதுபோல 30 விநாடி ஷாட் கிளாக் (பந்து கைக்கு வந்தால் அதற்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும்), இருபது நிமிடமாக இரண்டு பாதி என்று வைத்தால் பையன்கள் யோசித்து ஆடுவார்கள். நாக் அவுட்டை மட்டும் மாற்ற வேண்டாம். அங்கேயே மார்ச் மாதத்தில் 68 அணிகளை வைத்து நாக் அவுட்தானே ஆடுகிறார்கள்? த்ரில்லே அதில்தான். நான் சொல்வது சரிதானுங்களா?

– பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பி,

நீங்கள் விட்டுவைக்கச் சொல்கிற அந்த நாக் அவுட்டால்தான் கோச்சிங் கெடுகிறது என்பது என் கட்சி.

32 அணிகள் வந்தால் நாக் அவுட்டில் மொத்தம் 31 மேட்ச். அதில் 16 அணிகள் ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டு ஊர் திரும்புகின்றன. உங்கள் பி.டி. சார் இடத்தில் நின்று பாருங்கள். தோற்றால் அன்றோடு சரி. திரும்பிப் போனதும் கரஸ்பாண்டென்ட் கேட்பார். அந்த நேரத்தில் முதலாண்டுப் பையனை இறக்கி, அவன் இரண்டு தடவை பந்தைக் கோட்டை விட்டாலும் பரவாயில்லை என்று எந்தக் கோச் இருப்பார்? தெரிந்த ஆறு பேரை வைத்தே ஓட்டுவார். அந்த ஆறு பேரும் படிப்பை முடித்துப் போனதும், மேட்ச் வாடையே படாதவர்களை வைத்துக்கொண்டு மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிப்பார்.

அந்த 68 அணி விஷயத்தில் பாதியைத்தான் சொன்னீர்கள். நவம்பரில் தொடங்கி மார்ச் வருவதற்குள் ஒவ்வொரு அணியும் ஏறக்குறைய 30 மேட்ச் ஆடியிருக்கும். பெஞ்சில் இருப்பவனை இறக்கிப் பார்க்க, சரிவராவிட்டால் இடம் மாற்றிப் பார்க்க அவர்களுக்கு நாலு மாதம் கிடைக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? கோவை வ.உ.சி. பூங்கா அரங்கில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கு ரயில்வே, ராணுவம், இந்தியன் வங்கி மாதிரி அணிகள் வந்து ஆடும்போது முதலில் லீக், அதில் தேறினால்தான் நாக் அவுட். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்குத் தோற்றாலும் அடுத்த மேட்ச் உண்டு. கற்றுக்கொள்ள வந்த பையனுக்கு இல்லை!

நடத்துகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 32 அணிகளை நான்கு நான்காகப் பிரித்தால் 8 பூல், பூலுக்கு 6 மேட்ச், ஆக 48. அப்புறம் பூலில் முதலில் வந்த எட்டு அணிகளுக்குள் 7. மொத்தம் 55. ஒரு கோர்ட்டில் நாளைக்கு எட்டு மேட்ச் ஓட்டினாலும் கூடுதலாக மூன்று நாள் வேண்டும். அத்தனை அணிகளுக்கும் சாப்பாடு, தங்க இடம், ரெஃப்ரி படி என்று எந்தக் காலேஜும் தாங்காது. அதனால் லீக்கை டோர்னமென்ட்டுக்குள் திணிக்க வேண்டாம், வெளியே வைத்துக்கொள்ளலாம். கோபி, சத்தி, பவானி, பெருந்துறை, ஈரோடு எல்லாம் ஒன்றுக்கொன்று பஸ்ஸில் போய் ஆடிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பும் தூரம்தான். சனிக்கிழமை மதியம் ஒரு மேட்ச். கோப்பை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டவே வேண்டாம். (ஒவ்வொருவருக்கும் சால்வை போர்த்தி முடிப்பதற்குள் வார்ம் அப் செய்த உடம்பெல்லாம் ஆறிப்போகிறது.)

சார் கத்துவதைப் பற்றிச் சொன்னீர்களே, அதில் நான் உங்கள் பக்கம். யார் யாரை மார்க் பண்ணுவது என்பதெல்லாம் பிராக்டிஸிலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். மேட்சில் கத்தினால் பையன் பந்தை விட்டுவிட்டு சாரைப் பார்ப்பான். பேசுவதற்கென்றே டைம் அவுட் இருக்கிறது. ஃபிபா (உலக பாஸ்கெட்பால் சங்கம்) விதிப்படி முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3. கோச் தரப்புதான் கேட்க முடியும், ஆடுகிறவன் கேட்க முடியாது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அவனும் கேட்கலாம். ஃபிபா விதியில் இரண்டாம் பாதியின் மூன்றையும் கடைசி இரண்டு நிமிடத்துக்கென்று பதுக்கவும் முடியாது, ஒன்று போய்விடும். அடுத்த மேட்சில் சார் எத்தனை எடுக்கிறார், எப்போது எடுக்கிறார் என்று குறித்து வையுங்கள். கோச்சிங் சரியில்லை என்று அதற்கப்புறம் சொன்னால் மறுக்க முடியாது.

ரூல்ஸ் அடிக்கடி மாறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபிபா ஷாட் கிளாக்கை 30 விநாடியிலிருந்து 24 ஆக்கியதும், ஆட்டத்தைப் பத்து நிமிடமாக நான்கு குவார்ட்டர் ஆக்கியதும் 2000-ல்; நீங்கள் பிறந்தே இருக்க மாட்டீர்கள். மூன்று பாயின்ட் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குப் போனது 2010-ல். நீங்கள் ஆசைப்படுகிற அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டமோ 45 விநாடியிலிருந்து 35-க்கு வந்து, 2015-ல் 30-க்கு இறங்கியது. அங்கே பெண்கள் ஆட்டம் அதே ஆண்டு நான்கு குவார்ட்டருக்கு மாறிவிட்டது. அவர்களே நம் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும்போது நாம் எதற்குப் பின்னால் போக வேண்டும்? இங்கே 30 விநாடியில் பழகிய பையன் நாளைக்கு மாநில அணிக்குப் போனால் 24-ல்தான் ஆடியாக வேண்டும்.

உண்மையான சிக்கல், நம் பக்கத்துக் காலேஜ் கோர்ட் பலவற்றில் ஷாட் கிளாக்கே கிடையாது என்பது. டேபிளில் ஒருவர் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்து நேரத்தைக் கூவுகிறார். தாக்குகிற அணி வளையத்தில் பட்ட பந்தைத் தானே திரும்ப எடுத்தால் 14 விநாடிதான் என்பது அவருக்கே சில சமயம் மறந்துவிடுகிறது. உங்களுக்கு ஆடத் தெரியாவிட்டால் என்ன? ஸ்கோர் ஷீட் எழுதக் கற்றுக்கொண்டு அந்த டேபிளில் உட்காருங்கள். சாரிடம் முதலில் அதைக் கேளுங்கள், சனிக்கிழமை லீக் பேச்சை அப்புறம் எடுக்கலாம். டேபிளுக்கு ஆள் தயார் என்றால் அவரும் காது கொடுத்துக் கேட்பார்.

அன்புடன்.