கிணறு, கோயில், கூழ்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நானும் இவரும் கீரிமலைக்குப் போய் வந்ததைப் பற்றி ஒரு பதிலுக்கு நடுவே நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இந்த முறை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சமையல், முழங்கால் வலி, மாமியார் பிரச்சினை எல்லாம் அடுத்த இதழுக்குப் போகட்டும்.

*

வாசகி, ஸ்காபரோ: நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். பல வருடங்களுக்குப் பிறகு ஆவணியில் ஊருக்கு வருகிறோம். பிள்ளைகள் இணையத்தைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் பார்க்க வேண்டிய நாற்பது இடங்களைப் பட்டியல் போட்டுத் தந்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?

முடியும். ஒரு வான் பிடித்தால் மூன்று நாளிலேயே முடித்துவிடலாம், குடாநாடு அவ்வளவு சின்னது. வானை விட்டு இறங்கி, ஒரு படம் எடுத்து, திரும்ப ஏறினால் சரி. அப்படிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வாசலில் தினமும் காண்கிறேன். பிள்ளைகள் ஆசையோடு எழுதித் தந்த பட்டியல், அதைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று புறப்படுங்கள்.

எங்கள் வழி கொஞ்சம் விசித்திரமானது. இவர் வேலை பார்த்த காலம் முழுக்கக் குடிநீர்க் குழாய்களோடு மாரடித்தவர். அதனால் எந்தக் கோயிலுக்குப் போனாலும் கால் முதலில் கிணற்றடிக்குத்தான் போகும். ஒரு வாய் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இஞ்சாரும், இதிலை மெல்லிய சவர் இருக்கு" என்பார், உப்புக் கரிக்கிறதாம். ஆரம்பத்தில் எனக்கு வெட்கமாக இருக்கும். அப்புறம் நானும் பழகிவிட்டேன். இப்போது யாழ்ப்பாணத்தைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றுகிறோம். (நீங்கள் வாயில் வைக்க வேண்டாம், போத்தல் தண்ணீர் குடியுங்கள். வெளிநாட்டில் பழகிய வயிறு தாங்காது. தோட்டங்களுக்குப் போடும் உரம் பல கிணறுகளில் இறங்கியும் இருக்கிறது.)

இங்கே வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லின் ஓட்டை ஒடிசல் வழியே கீழே இறங்கி, அடியில் இருக்கிற உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு மெஷின் வைத்து உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கோயிலும் மடமும் புகையிலைத் தோட்டமும் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன என்பது பாதி விளங்கும்.

அதனால் முதல் நாளைக் கீரிமலைக்குக் கொடுங்கள். அலை வந்து மோதுகிற கடலுக்குப் பக்கத்திலேயே நிலத்துக்கு அடியிலிருந்து நன்னீர் ஊறிக் கேணியில் நிறைகிறது. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்கு இருந்த குதிரை முகம் இங்கே தீர்த்தமாடித்தான் நீங்கியது என்பது கதை. பக்கத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலையும் அவள் கட்டியதாகவே சொல்வார்கள். ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு மதில் கட்டிய இன்னொரு கேணி. இவர் அங்கே, நான் இங்கே. சேர்ந்து வந்த பயணத்தில் ஒரு மணித்தியாலம் ஆளுக்கொரு பக்கம் இருப்பது எவ்வளவு நல்லது என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன். முழுகி எழும்பி வந்து பக்கத்து நகுலேஸ்வரம் சிவன் கோயிலில் சந்திக்கும்போது பேசுவதற்கு இருவரிடமும் ஏதாவது இருக்கும்.

கேணியில் வயதான அம்மாமார் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 1990இல் போரால் இந்தப் பக்கத்து ஊர்கள் இடம்பெயர்ந்தன, பிறகு நெடுங்காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். தகப்பனுக்கு ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஆட இங்கே வர முடியாமல் வருடக்கணக்காக வேறு கடற்கரைகளில் நின்றவர்கள் எத்தனையோ பேர். சுற்றுலாக் கையேட்டில் "இயற்கை நீரூற்று" என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள்.

திரும்பும் வழியில் சுன்னாகத்தில் இறங்கி இடியப்பமும் சொதியும் சாப்பிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் மனம் இருந்தால் புத்தூர்ப் பக்கம் நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றையும் பாருங்கள். இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்பார்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. நான் மேலே எழுதிய சங்கதியை முழுசாகக் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கிற கிணறு அது. கம்பிக்கு வெளியே நின்று பார்த்தால் பச்சையாய்த் தெரியும், அவ்வளவுதான், பத்து நிமிடம் போதும்.

ஆவணி என்றால் நல்லூர்த் திருவிழாவின் பின்பகுதி உங்களுக்குக் கிடைக்கலாம். திருவிழா 25 நாள், 24ஆம் நாள் தேர். திகதியை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள். பூசை சொன்ன நேரத்துக்கு நடக்கும், உங்களுக்காக ஒரு நிமிடமும் நிற்காது. உங்கள் கணவர் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கனடாக் குளிரில் இருந்து வருகிறவருக்கு அது ஒரு நிம்மதி.

*

வாசகர், வவுனியா: எனக்குக் காடு, கடல், பறவை. மனைவிக்குக் கோயில். ஒரு நாளில் இரண்டு பேரும் முகம் சுளிக்காமல் திரும்பி வர ஓர் இடம் சொல்லுங்கள், அக்கா.

தம்பி, குடாநாட்டின் வடகிழக்குப் பக்கம், வடமராட்சிக்குப் போங்கள். அங்கே இரண்டையும் பிரிப்பதுதான் கஷ்டம்.

காலையில் தொண்டைமானாறு, செல்வச்சந்நிதி முருகன். பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பேசாமல் செய்வார், மந்திரம் கிடையாது. கோயிலே பிடிக்காது என்கிற ஆண்களும் இங்கே சும்மா நின்றுவிட்டு வருவதைக் கண்டிருக்கிறேன். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் வாரக்கணக்கான நடையை இங்கிருந்துதான் தொடங்குவார்கள். உங்கள் மனைவி உள்ளே இருக்கும் நேரத்தில் நீங்கள் தடுப்பணைப் பக்கம் போய் நில்லுங்கள். கடல்நீர் உள்ளே ஏரிக்குப் போகாமல் மறிப்பதற்காகக் கட்டியது. இவர் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். எனக்கு அது வெறும் கதவும் சீமெந்தும்தான், ஆனால் கொக்கும் நாரையும் நிறைய நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை தேட வேண்டாம். அன்னதானக் கந்தன் என்று ஊர் சொல்கிற கோயில், சுற்றியுள்ள மடங்களில் வந்தவருக்கெல்லாம் சோறு. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்காமல் நிலத்தில் இருந்து சாப்பிட வேண்டும்.

வெயில் தாழ்ந்ததும் பருத்தித்துறை வழியாக வல்லிபுரம். வழியில் தெருமூடி மடத்தைப் பாருங்கள். தெருவின் இரு பக்கமும் திண்ணை கட்டி மேலே கூரை போட்ட பழைய மடம், தெரு அதன் நடுவாலேயே போகிறது. நடந்து வந்தவர்கள் வெயிலுக்கு ஒதுங்கிய இடத்தில் இன்று ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் போகின்றன. பருத்தித்துறை வடை ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிசாகத் தட்டி மொறுமொறு என்று பொரித்தது, பெருஞ்சீரகம் கடிபடும். காரில் வைத்துச் சாப்பிட்டால் வீட்டுக்கு மிஞ்சாது.

வல்லிபுர ஆழ்வார் என்பது பெருமாள் கோயில், சக்கரம்தான் மூலவர். 1936இல் பொன்னேடு ஒன்று கிடைத்த மண் அது, குடாநாட்டின் பழைய பெயரான நாகதீபம் பொறித்தது. கோயிலைத் தாண்டினால் மணல்மேடு. அப்படியே மணற்காடு வரை போனால் சவுக்குக் காடும், மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்களும். உங்கள் ஆசைக்கு அது போதும். புரட்டாசியில் போனீர்களானால் தீர்த்தத் திருவிழாவன்று கோயில் சனமெல்லாம் அந்த மணலைத் தாண்டிக் கடலுக்கு நடக்கும். அப்போது நீங்கள் இயற்கை பார்க்கிறீர்களா கோயில் கும்பிடுகிறீர்களா என்று மனைவி கேட்டால் பதில் சொல்ல முடியாது. 2004 சுனாமி அடித்த கரையும் இதுதான். குளிக்கிற எண்ணம் இருந்தால் ஊரவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

*

வாசகர், கண்டி: ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. நெடுந்தீவா, நயினாதீவா?

காற்றைக் கேளுங்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது நெடுந்தீவுக் கடல் படகைத் தூக்கித் தூக்கிப் போடும், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இளம் வயதென்றால் போங்கள். மட்டக்குதிரைகள், முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்) அடுக்கிக் கட்டிய வேலிகள், பெருக்கமரம் (பாவோபாப்) எல்லாம் பார்க்கலாம். கோடையில் போனால் தண்ணீருக்கு அலைகிற குதிரைகளைக் கண்டு மனம் கெடும், அதையும் சொல்லிவிடுகிறேன். நயினாதீவு குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து இருபது நிமிடம் அளவில். இரண்டுக்கும் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். "சும்மா இருக்கட்டும்" என்று மடியில் வைத்திருக்கிற ஆண்கள் எல்லாப் படகிலும் உண்டு.

*

வாசகி, கோயம்புத்தூர்: நாங்கள் இருவரும் சைவம். யாழ்ப்பாணம் என்றாலே நண்டும் இறாலும் என்கிறார்கள். பட்டினி கிடப்போமா?

பட்டினியா! திருவிழாக் காலத்தில் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வீடுகள் எங்கள் ஊரில் எத்தனை என்று தெரியாமல் கேட்கிறீர்கள். சைவக்கடை எல்லாச் சந்தியிலும் உண்டு. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, இடித்த சம்பல், குழல்புட்டு. ஒன்று மட்டும் கவனம்: ரொட்டிக் கடையில் "மரக்கறி றோல்ஸ்" என்று கேட்டு வாங்கினாலும், எந்த எண்ணெயில் பொரித்தது என்று இன்னொரு முறை கேளுங்கள்.

நயினாதீவில் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அமுதசுரபி அன்னதான மடத்தில் மத்தியானம் சாப்பிடலாம். கொஞ்சத் தூரம் நடந்தால் நாகவிகாரை. புத்தர் வந்த இடம் என்று சிங்கள யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்களில் பலர் அம்மனையும் கும்பிட்டு அதே பந்தியில் வந்து இருப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. உறைப்புக் கூடினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் மூக்கை உறிஞ்சுகிறோம். ஆவணி புரட்டாசியில் வந்தால் பனங்காய்ப் பணியாரத்தை விட்டுவிடாதீர்கள். அது உங்கள் ஊரில் கிடைக்காது.

*

வாசகி, கொக்குவில்: நீங்கள் இரண்டு பேரும் பயணத்தில் சண்டை பிடிப்பதே இல்லையா?

பிடிப்போம். அவருக்குப் பஸ், எனக்கு ஓட்டோ.

*

வாசகி, லண்டன்: உங்கள் பதில்களில் ஒடியல் கூழ் அடிக்கடி வருகிறது. இங்கே நானும் கணவரும் மட்டும்தான். இருவருக்கு அளவு சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன், இரண்டு பேருக்குக் கூழ் காய்ச்சக் கூடாது. அது முற்றத்துச் சாப்பாடு. எட்டுப் பத்துப் பேரையாவது கூப்பிடுங்கள். மகனின் வெள்ளைக்காரச் சிநேகிதர்களும் வரட்டும்.

ஒடியல் மாவை (காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா) முதலில் நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, மேல் தண்ணீரை வடித்துவிடுங்கள், கைப்பு அதோடு போகும். பானையில் ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு போட்டு அவியவிடுங்கள். பாதி அவிந்ததும் மீன்தலை, நண்டு, இறால். லண்டனில் நல்ல மீன்தலை தமிழ்க்கடையில் கிடைக்கும், வெட்கப்படாமல் கேளுங்கள். செத்தல் மிளகாயை உப்போடு அரைத்துப் புளியில் கரைத்து ஊற்றி, கடைசியாக மாக்கரைசல். மா விட்ட பிறகு கையை எடுக்காமல் துழாவ வேண்டும். இந்த வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள், இவருக்கு நான் கொடுப்பதும் அதுதான். இறக்குமுன் முருங்கையிலை. சைவக்காரர் வந்தால் மீன் போடுவதற்கு முன் அவர்களுக்கு வேறு பானையில் பிரித்து, அதற்கும் புளி, மிளகாய், மா சேர்த்துக் காய்ச்சிவிடுங்கள்.

பனையோலைப் பிளா அங்கே கிடைக்காது, குவளையில் ஊற்றிக் குடியுங்கள். அடிப்பிடித்த மணம் வந்தால் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறாதீர்கள், மேலாக அள்ளி வேறு பானைக்கு மாற்றிவிடுங்கள்.