நண்பர் கணக்கில் ஒரு விற்பனை

அன்புள்ள ஐயா,

நலம்தானே. உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

அப்பா காலமான பிறகு அவர் சேர்த்துவைத்திருந்த இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக விற்றுவருகிறேன். நாலறை வீட்டில் வைக்க இடமில்லை. உள்ளூர்க்காரர் என்றால் செங்காங் எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்துக் கொடுத்துவிடுவேன். கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ்வில் பணம் வந்துவிடும், கட்டணம் கிடையாது. சென்ற மாதம் டொராண்டோவிலிருந்து ஒரு தமிழர் ஒரு எல்பி தட்டுக்கு 180 சிங்கப்பூர் வெள்ளி தர ஒப்புக்கொண்டார். பேபாலில்தான் அனுப்ப முடியும் என்றார். விற்பனை என்று குறித்து அனுப்பினால் எனக்கு வருவதில் எட்டு வெள்ளிக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். அதனால் 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற பிரிவில் அனுப்பச் சொன்னேன். மனிதர் கோபித்துக்கொண்டார். இது நேர்மையில்லை என்று நீளமாக ஒரு செய்தி அனுப்பினார்.

கோடிகோடியாகச் சம்பாதிக்கும் நிறுவனத்துக்கு எட்டு வெள்ளி கொடுக்காவிட்டால் அது பாவமா? வாங்குகிறவர்கள் ஏமாற்றுவதில்லையா? உடைந்த தட்டைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பியவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். இப்படி வரும் பணத்துக்கு வரி கட்டவேண்டும் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். உங்கள் கருத்தை அறிய ஆசை.

சரவணன், செங்காங்

அன்புள்ள சரவணன்,

அப்பாவின் தட்டுகளை மொத்தமாகத் தள்ளிவிடாமல், ஒவ்வொன்றுக்கும் தகுந்த ஆளைத் தேடிப்பிடித்து விற்கிறீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. வீடு மாறுகிறவர்கள் இப்படிப்பட்ட பெட்டிகளைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் தூணோரம் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். வரி: அப்பா விட்டுச்சென்ற பொருளை விற்பது வியாபாரம் ஆகாது. சிங்கப்பூரில் மூலதன ஆதாயத்துக்கு வரி கிடையாது. நாளைக்கே நீங்கள் மலிவாக வாங்கி லாபத்துக்கு விற்கத் தொடங்கினால் அது வருமானம், அப்போது வேறு பேச்சு. வாங்குகிறவர்கள் ஏமாற்றுவது: ஏமாற்றுகிறார்கள்தான். அதற்காகத்தான் விற்பவருக்கும் பேபாலில் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள், வாங்கியவர் கொடுத்த முகவரிக்குப் பொருள் போய்ச் சேர்ந்ததற்குத் தடங்காட்டி எண் இருந்தால் 'வரவே இல்லை' என்று அவர் கை விரிக்க முடியாது. நண்பர் பிரிவில் பணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பும் உங்களுக்கு இல்லை. நிறுவனம் கோடிகோடியாகச் சம்பாதிப்பது: சம்பாதிக்கட்டும். கடைக்காரன் பணக்காரன் என்பதால் அவன் கல்லாவில் கை வைக்கலாம் என்று உங்கள் அப்பா சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்.

செங்காங் எம்ஆர்டி வாசலில் நீங்கள் செய்வதில் ஒரு குற்றமும் இல்லை. பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலி 2012இல் இங்கே தொடங்கியதிலிருந்தே மக்கள் நேரில் சந்தித்துக் கைமாற்றிக்கொண்ட இடம்தான். பேநவ் 2017இல் வந்தபிறகு ரொக்கம்கூடத் தேவைப்படவில்லை. வாங்குகிறவர் தட்டை உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் பார்த்து, அதன்பிறகு பணம் போடுகிறார். இடையில் கட்டணம் கேட்கிற யாருடைய சேவையையும் நீங்கள் இருவரும் பயன்படுத்தவில்லை, அதற்குக் கூலியும் தரவேண்டியதில்லை. இதை ஒரு தர்மசங்கடமாக நினைத்து யாராவது உங்களிடம் பேசினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

டொராண்டோ விஷயம் வேறு. உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க நான் இதைத்தான் மண்டைக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன், அதற்குக் காரணம் எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அக்கா. வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். பழைய தையல் இயந்திரம் ஒன்றை இணையத்தில் பார்த்திருக்கிறார். விற்கிறவன் வாட்ஸ்அப்புக்கு வரச்சொல்லி, "சிஸ், ஆப்புக்கு வெளியே பேநவ்வில் போட்டால் 15 வெள்ளி குறைத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறான். போட்டார். இயந்திரம் வரவில்லை, எண்ணும் அணைந்துவிட்டது. லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியை என்னிடம் நீட்டிக் காட்டினார். போலீசில் புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "நானும்தானே தம்பி பதினஞ்சு வெள்ளிக்கு ஆசைப்பட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?" என்றார். நான்தான் மோசடி உதவி எண்ணான 1799ஐ அழைத்து அவர் கையில் கொடுத்தேன். 2024இல் மட்டும் இந்த ஊரில் மக்கள் மோசடிகளில் இழந்தது 110 கோடி வெள்ளி என்கிறது காவல்துறைக் கணக்கு. ஆனால் எனக்கு அந்தத் தொகை அல்ல, அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் உறுத்தியது.

ஏனென்றால் அதே வாக்கியத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது நாங்கள் எல்லோருமே உண்டியலில்தான், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலமாகத்தான், ஊருக்குப் பணம் அனுப்புவோம். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் போகவேண்டும். முன்னால் மளிகைக் கடை. பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, நீள வாட்டில் ஒரு பேரேடு, ஒரு மனிதர். தொகையும் ஊரும் பெயரும் சொன்னால் எழுதிக்கொள்வார். வங்கியைவிட நல்ல விலை கொடுப்பார். கட்டணம் என்று ஒரு காசு தனியாகக் கேட்கமாட்டார், அவருடைய கூலி மாற்று விலைக்குள்ளேயே இருந்தது. மூன்றாம் நாள் யாரோ சைக்கிளில் எங்கள் ஊருக்குப் போய் அம்மாவின் கையில் ரூபாயை எண்ணிக்கொடுத்துக் கைநாட்டு வாங்குவார். அந்தச் சீட்டு அடுத்த மாதம் திரும்பி வரும். மேசையில் வைத்து எங்களிடம் காட்டுவார். ஊதா மையில் அம்மாவின் பெருவிரல் ரேகை. ரசீது என்றால் அதுதான் ரசீது, இன்றைக்கும் எந்தச் செயலியும் எனக்கு அப்படி ஒன்றைக் காட்டியதில்லை.

இதைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்த மேசையை வெறுத்ததில்லை. உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் செய்வது அன்றைக்கும் குற்றம்தான், அதற்கான சட்டம் 1979லேயே இருந்தது. இன்றைக்கு 2019ஆம் ஆண்டுக் கட்டணச் சேவைச் சட்டம் அந்த இடத்தில் இருக்கிறது. எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் போனோம், சரவணன். ஒரு மாதம் முழுக்க வெல்டிங் புகையில் நின்றவனுக்கு வங்கி பிடிக்கிற ஒவ்வொரு வெள்ளியும் வலிக்கும்.

ஒரு ஞாயிறு போனபோது கடை ஷட்டர் இறங்கியிருந்தது. சந்துக்குள் இருபது முப்பது பேர். சத்தமே இல்லை. யாரும் ஷட்டரைத் தட்டவில்லை, யாரும் திட்டவில்லை. கையில் சீட்டை வைத்துக்கொண்டு, அது வெளியே தெரியாதபடி விரல்களுக்குள் மடக்கிக்கொண்டு நின்றார்கள். என் அறைத்தோழர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கென்று பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து முந்தின வாரம்தான் கொடுத்திருந்தார். வாருங்கள் போலீசுக்குப் போவோம் என்றேன். "போயி என்னன்னு சொல்றது? நீ எதுக்குடா அங்க குடுத்தேன்னு கேப்பான். பெர்மிட்டு போச்சுன்னா?" என்றார். பெர்மிட்டைப் பிடுங்கியிருப்பார்களா இல்லையா என்பது இப்போது கேள்வியல்ல. அவர் வாய் அடைபட்டிருந்தது. அதை அடைத்தது அவரே சம்மதித்துச் செய்த ஒரு சின்னத் தவறு. ஓடிப்போனவனுக்கு அதைவிடப் பெரிய காவல் எது?

நீங்கள் டொராண்டோக்காரரிடம் கேட்டது எட்டு வெள்ளியை அல்ல. பேபாலிடம் ஒரு பொய்யைச் சொல்லச் சொன்னீர்கள், அதுவும் அவர் வாயால். நண்பர் என்று குறித்து அனுப்பிவிட்டால் வாங்குகிறவருக்கான பாதுகாப்பு அவருக்கு இல்லை. விற்பனை என்று அனுப்பியிருந்தால், பொருள் வராவிட்டாலோ சொன்னபடி இல்லாவிட்டாலோ 180 நாளுக்குள் அவர் முறையிடலாம். நண்பருக்கு அனுப்பியவர் என்னவென்று முறையிடுவார்? 'நான் முதலில் சொன்னது பொய், இது விற்பனைதான்' என்றா? அவரையும் உங்கள் பக்கத்தில் நிற்கவைத்துக் கூட்டாளி ஆக்கப் பார்த்தீர்கள், ஆகியிருந்தால் அவரால் உங்களைக் கைகாட்ட முடியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். நாடு விட்டு நாடு அனுப்பும்போது நண்பர் பிரிவிலும் அனுப்புகிறவரிடம் பேபால் கட்டணம் வாங்குவதுண்டு. ஆக உங்களுக்கு எட்டு வெள்ளி மிச்சம், அவருக்குக் கட்டணமும் போய்ப் பாதுகாப்பும் போய் ஒரு பொய்யும் சேரும். இதை ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் 'நம்ம ஆள்தானே' என்ற குரலில் கேட்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. நம்ம ஆள் என்றால் அவருக்குக் கூடுதலாக ஒரு பாதுகாப்புக் கொடுங்களய்யா, இருப்பதைப் பிடுங்காதீர்கள்.

நீங்கள் ஏமாற்றுகிறவர் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. ஏமாற்றுகிறவன் எனக்குக் கடிதம் எழுதமாட்டான். ஆனால் அவருக்கு அது எப்படித் தெரியும்? மோசடிக்காரன் பேசுகிற அதே வசனத்தை, வார்த்தை மாறாமல், நீங்கள் பேசியிருக்கிறீர்கள். அந்த மனிதர் கோபப்பட்டதோடு விட்டாரே, நானாக இருந்தால் உங்கள் எண்ணைத் தடைசெய்திருப்பேன்.

அதுவும் என்ன பொருளுக்கு? இசைத்தட்டுக்கு! புத்தகமாக இருந்தால்கூட நாலு படம் எடுத்து அனுப்பினால் ஓரளவு தெரிந்துவிடும். தட்டு அப்படியா? தரக் குறியாக 'விஜி பிளஸ்', அதாவது 'மிக நன்று' என்கிற விஜிக்கும் ஒரு படி மேல் என்று நீங்கள் போட்டிருப்பீர்கள். உங்கள் விஜி பிளஸ் அவருடைய விஜியாக இருக்கும். மயிரிழைக் கீறல் டியூப்லைட்டில் தெரியாது, மேசை விளக்கை ஒரு பக்கம் வைத்துச் சாய்த்தால்தான் தெரியும். வளைவு படத்தில் விழவே விழாது. தட்டைச் சுழலவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து, ஊசிமுனை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உறைக்குள் பூசணம் பிடித்திருக்கும், அது உங்கள் மூக்குக்குப் பழகியிருக்கும், டொராண்டோவில் பெட்டியைத் திறந்ததும் அவருக்கு மட்டும் அடிக்கும். இத்தனை சந்தேகத்தையும் அவர் 180 வெள்ளியோடு சேர்த்துச் சுமக்கிறார். உள்ளூரில் வாங்கியவருக்குக் குறை என்றால் இரண்டு ஆண்டுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம். டொராண்டோவில் இருக்கிறவர் ஒரு தட்டுக்காக அங்கே வந்து உட்காருவாரா? அவருக்குக் கிடைக்கிற ஒரே நடுவர் அந்த எட்டு வெள்ளிதான்.

சரி, எட்டு வெள்ளி நஷ்டத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். விலையை 189 என்று வையுங்கள். வேண்டாம் என்றால் அவர் பேரம் பேசட்டும், பேரம் நமக்குத் தெரியாததா? விலைக்குள் கூலியை வைத்து வெளிப்படையாகக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

பணம் அனுப்பும் செலவு குறைந்துகொண்டுதான் வருகிறது. 2023 பிப்ரவரியில் பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்தபோது எனக்கு அந்தச் சந்தும் அரிசி மூட்டைகளும்தான் நினைவுக்கு வந்தன. இப்போது ஊருக்குக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாம், மறைவான மேசை தேவையில்லை. கனடாவுக்கும் ஒருநாள் அப்படி வரலாம். அதுவரை கட்டிவிட்டுப் போங்கள்.

அவருக்கு இன்றே எழுதுங்கள். நீண்ட மன்னிப்பெல்லாம் வேண்டாம், 'விற்பனை என்றே அனுப்புங்கள்' என்று ஒரு வரி போதும். ஒத்துக்கொண்டால் தட்டை மேல் உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு உறைக்குப் பின்னால் வைத்துக் கட்டுங்கள். உள்ளேயே விட்டால் வழியில் குலுங்கி உறையின் விளிம்பைக் கிழித்துவிடும். இரண்டு பக்கமும் தடித்த அட்டை. தடங்காட்டி எண்ணோடு அனுப்புங்கள். அஞ்சலகத்தில் சுங்கப் படிவம் நிரப்பும்போது 'அன்பளிப்பு' என்ற கட்டத்தில் டிக் அடித்து மதிப்பைப் பத்து வெள்ளி என்று எழுதுகிற வழக்கம் உங்களிடம் உண்டா? இருந்தால் அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், தனியாகத் திட்டுகிறேன்.