பவுன்ஸும் வரல, மெயிலும் போகல: பழைய ஹெடர் பண்ற வேலை

கேள்வி: ஆபீஸ் சர்வர்ல போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை வாங்கி அனுப்பற சாஃப்ட்வேர்) மெயில்மேன் 2.1-உம் (ஒரு அட்ரஸுக்கு வர்ற மெயிலை மெம்பர்ஸ் எல்லாருக்கும் அனுப்பற மெயிலிங் லிஸ்ட் சாஃப்ட்வேர்) ஓடுது. புதுசா எழுதற மெயில் எல்லா லிஸ்ட்டுக்கும் ஒழுங்கா போகுது. ஆனா ரெண்டு மாசம் முன்னாடி லிஸ்ட்ல வந்த ஒரு மெயிலை, புதுசா சேந்தவங்களுக்காக ரீடைரக்ட் பண்ணி திரும்ப அதே லிஸ்ட்டுக்கு அனுப்பினா போகல. ஒரு லிஸ்ட்ல பவுன்ஸ் ஆகுது (டெலிவரி ஆகலனு திரும்பி வருது), இன்னொண்ணுல சத்தமே இல்ல. ஸ்பாம் ஃபில்டர் வேலையா?

ஸ்பாம் ஃபில்டரை விடுங்க, அது பாவம். ரீடைரக்ட்னா மெயிலை ஹெடரோட (மெயிலுக்கு மேல இருக்கற விவர வரிகளோட) அப்படியே தூக்கி அனுப்பறது, ஃபார்வர்டுனா புது மெயில் எழுதி பழசை உள்ள வெக்கறது, இந்த வித்தியாசத்துலதான் நீங்க மாட்டிருக்கீங்க. அந்த பழைய மெயிலைத் திறந்து சோர்ஸைப் பாருங்க (தண்டர்பேர்ட்னு ஒரு மெயில் ப்ரோக்ராம் இருக்கே, அதுல கன்ட்ரோல்-யு). மேலயிருந்து வரும்போது டெலிவர்ட்-டூனு (போஸ்ட்ஃபிக்ஸ் டெலிவரி பண்ணும்போது போடறது) ஒரு வரில உங்க லிஸ்ட் அட்ரஸ் இருக்கலாம், கொஞ்சம் கீழ எக்ஸ்-பீன்தேர்னு (மெயில்மேன் போடறது) ஒரு வரில அதே அட்ரஸ் கண்டிப்பா இருக்கும். கோயில்ல ஒருதடவை பிரசாதம் வாங்கினவன் கையில மை வெச்சு விட்டா மாதிரி, மறுபடி வரிசைல வந்தா புடிச்சிருவாங்க.

பவுன்ஸ் ஆகற லிஸ்ட்ல புடிக்கறது போஸ்ட்ஃபிக்ஸ். ஏலியாஸ் (ஒரு அட்ரஸை வேற இடத்துக்குத் திருப்பி விடற வரி) வழியா லோக்கல் டெலிவரி பண்ணும்போது டெலிவர்ட்-டூல அதே அட்ரஸ் இருந்தா 'மெயில் ஃபார்வர்டிங் லூப்'னு சொல்லி திருப்பி அனுப்பிரும், மெயில் லாக்ல அதே வார்த்தை கிடைக்கும். சத்தமில்லாத லிஸ்ட் அநேகமா மாஸ்டர்.சிஎஃப்ல (போஸ்ட்ஃபிக்ஸோட ஒரு கான்ஃபிக் ஃபைல்) பைப் போட்டு, அதாவது மெயிலை நேரா இன்னொரு ப்ரோக்ராமுக்குக் குடுத்து, மெயில்மேனுக்குப் போகுது, அங்க ஃப்ளாக்ஸ்ல பெரிய டி இல்லனா இந்த செக்கே கிடையாது, அதனால உள்ள போயிரும். உள்ள மெயில்மேன் எக்ஸ்-பீன்தேரைப் பாத்துட்டு யாருக்கும் சொல்லாம குப்பைல போட்டுரும். அனுமதிக்காகக் காத்திருக்கற மாடரேட்டர் க்யூவுல தேடாதீங்க, வராது. மெயில்மேன் லாக் ஃபோல்டர்ல வி-இ-டி-டி-இனு ஒரு ஃபைல் இருக்கும் (நான் 'வெட்டு'னுதான் படிப்பேன், வேலையும் அதுதானே), அதுல டிஸ்கார்ட் ஆன மெயிலோட மெசேஜ்-ஐடி (ஒவ்வொரு மெயிலுக்கும் இருக்கற தனி அடையாளம்) பதிவாகியிருக்கும்.

இப்ப உங்களுக்கு ஒரு ஆசை வரும், போஸ்ட்ஃபிக்ஸ் ஹெடர்-செக்ஸ்ல (ஹெடர் வரிகளுக்கு ரூல் எழுதற இடம்) இக்னோர் போட்டு இந்த ரெண்டு வரியையும் மொத்தமா தூக்கிரலாம்னு. வேண்டாம். நாளைக்கு யாராவது ரெண்டு லிஸ்ட்டை ஒண்ணுக்கொண்ணு மெம்பராக்கினா மெயில் சுத்த ஆரம்பிச்சிரும், டீஃபால்ட்டா ரிசீவ்ட் வரி (ஒவ்வொரு சர்வரும் வாங்கும்போது சேக்கற ஹெடர்) 50 தாண்டினாதான் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுத்தும், அதுவரைக்கும் ஒவ்வொரு சுத்துக்கும் எல்லாருக்கும் ஒரு காப்பி போகும், திட்டு மட்டும் உங்களுக்கு.

தண்டர்பேர்ட்ல 'எடிட் ஆஸ் நியூ மெசேஜ்' இருக்கு, அதைப் போட்டு அனுப்புங்க, இல்ல அட்டாச்மென்ட்டா ஃபார்வர்ட் பண்ணுங்க. ஸ்க்ரிப்ட் வெச்சு அனுப்பறவங்களா இருந்தா அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் ஃபார்மெயில்ல (ஹெடரைத் திருத்தற கமாண்ட்) மைனஸ் பெரிய ஐ போட்டு ரெண்டு ஹெடரையும் எடுத்துருங்க. ஆனா அப்பவும் மெசேஜ்-ஐடி பழசுதான், அதனால ஏற்கனவே அந்த மெயில் வெச்சிருக்கற ஜிமெயில் ஆளுங்களுக்கு புதுசா எதுவும் காட்டாது, நீங்களும் ஜிமெயில்னா திரும்ப 'போகலயே'னு உக்காந்துருப்பீங்க. டெஸ்ட் பண்றதுக்கு புதுசா சேந்த ஒருத்தரைக் கேளுங்க.