மறுநாளே ஏற்றுக்கொள்ளும் ஆய்விதழுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பகுதிநேரமாக முதுகலை படிக்கிறேன். தோட்டப்புறப் பெண்கள் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, வேலைப் பாடல்கள் பற்றிய என் ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரையை வெளியிடும்படி மேற்பார்வையாளர் சொல்கிறார். மின்னஞ்சலில் அழைத்த ஓர் அனைத்துலகத் திறந்த அணுகல் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மறுநாளே ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. 300 அமெரிக்க டாலர் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுவார்களாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உரிமை மாற்றப் படிவம் ஏதும் அனுப்பியிருந்தால் அதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆயிரம் வெள்ளிக்கு மேல் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே வெளிவந்துவிட்டால் அதே கட்டுரையை வேறு எந்த நல்ல ஆய்விதழும் வாங்காது. வருடக்கணக்கில் திரட்டிய பாடல்கள் அந்த ஒரு தளத்தில் முடங்கிப்போகும்.

கட்டணம் கேட்பதே மோசடி என்று எண்ண வேண்டாம். வாசகரிடம் சந்தா வாங்காத திறந்த அணுகல் இதழ்கள் பல, கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்கித்தான் நடக்கின்றன. இங்கே நெருடுவது அந்த ‘மறுநாள்’. துறை அறிந்த இருவர் கட்டுரையைப் படித்து, குறைகளை எழுதி, நீங்கள் திருத்தி அனுப்ப வாரங்கள் ஆகும். பல மாதங்களும் ஆகலாம். ஒரே இரவில் வந்த ஒப்புதல் என்றால் யாரும் படிக்கவில்லை என்றுதான் பொருள்.

முதல் வேலையாக, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைப்பு, அனுப்பிய நாள், ‘வெளியிட அனுமதி இல்லை’ என்ற வரி, இவ்வளவு போதும். திரும்பப் பெறவும் கட்டணம் கேட்கக்கூடும். அதையும் கட்ட வேண்டாம். பணம் வராமலே வெளியிட்டுவிடும் தளங்களும் உண்டு. அதனால் அந்த மின்னஞ்சலையும் அவர்கள் பதிலையும் பத்திரப்படுத்தி, மேற்பார்வையாளருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்து அனுப்பும் ஆய்விதழின் ஆசிரியரிடமும் நடந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பியதாக உங்கள்மேல் பழி வராது.

இனி எந்த இதழானாலும் மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாதீர்கள். பெயரை நீங்களே தேடிப் போங்கள். நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்கள் இருக்கின்றன. ஐஎஸ்எஸ்என் தளத்தில் அந்த எட்டு இலக்க எண்ணைப் போட்டு, அங்குள்ள பெயரும் முகவரியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எண் இருப்பது தரத்துக்குச் சான்றல்ல. விண்ணப்பித்தால் யாருக்கும் கிடைக்கும். கட்டுரைக்குத் தரும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் அப்படித்தான். 2003-இல் தொடங்கிய டிஓஏஜே என்ற திறந்த அணுகல் ஆய்விதழ்ப் பட்டியலில் தேடினால், கட்டணம் உண்டா, எந்த உரிமத்தில் வெளியிடுகிறார்கள், அனுப்பியதிலிருந்து வெளிவர எத்தனை வாரம் ஆகிறது என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். அதில் இல்லாததெல்லாம் போலி என்று ஆகிவிடாது. நம் நாட்டுச் சிறிய இதழ்களுக்கு, மலேசிய ஆய்விதழ்களைத் தொகுக்கும் மைஜுர்னல், மைசைட் தளங்களையும் பாருங்கள். ஆசிரியர் குழுவில் இருவரை எடுத்து, அவரவர் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

உங்கள் கட்டுரைக்கு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் ‘தமிழ்ப் பேராய்வு’, தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் ‘வளர்தமிழ்’ இரண்டையும் முதலில் பாருங்கள். தோட்டப்புறப் பாடலின் சொல்லும் சந்தமும் தெரிந்தவர் மதிப்பிட்டால்தான் கட்டுரை தேறும். கட்டண விவரத்தையும் உரிமத்தையும் இதழின் பக்கத்திலேயே படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தமிழ்க் கட்டுரைகள் அதிகம் அடிபடுவது எழுத்துருவில். பழைய முரசு எழுத்துருவில் தட்டச்சு செய்த பகுதிகள் இருந்தால், கோப்பில் எழுத்துருவை லதா என்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழ் மறைந்து அர்த்தமற்ற குறிகள் வந்தால் அது யூனிகோடு இல்லை, மாற்றியாக வேண்டும். மாற்றிய பிறகும் ‘தோட்டம்’ என்று தேடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் சொல் தேடலில் அகப்படாவிட்டால், ஓகாரத்தின் கொம்பும் காலும் வரிசை மாறிக் கிடக்கின்றன. திருத்தாமல் அனுப்பினால் கூகுள் ஸ்காலரில் அந்தச் சொல்லைத் தேடுபவருக்கு உங்கள் கட்டுரை கிடைக்காமல் போகலாம். பிடிஎஃப் ஆக்கிய பிறகும் ஒருமுறை தேடுங்கள். யூனிகோடில் இருந்த தமிழும் அங்கே உடைவதுண்டு. அதனால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தலைப்பையும் ஆய்வுச் சுருக்கத்தையும் இதழின் இணையப் படிவத்தில் முழுமையாக நிரப்புங்கள்.

உரிமத்தில் அவசரம் கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம வகைகளில் சிசி பிஒய் உரிமத்தில் வெளியிட்டால், உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம். என்சி சேர்ந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. என்டி சேர்ந்தால் மொழிபெயர்த்து வெளியிடக்கூட உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே பாடிய அம்மாக்கள், பாட்டிமார் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்து வாசியுங்கள். ‘ஆய்வேட்டுக்கு மட்டும்’ என்று இருந்தால் இணையத்தில் ஒலிப்பதிவை ஏற்ற அது போதாது. மறுபடி வீட்டுக்குப் போய், உலகில் எவரும் கேட்கலாம், பதிவிறக்கலாம் என்பதை விளக்கி, புதிதாக ஒப்புதல் வாங்குங்கள். இறந்தவருக்காகப் பாடிய ஒப்பாரியில் குடும்பப் பெயர்கள் வரும். அந்தக் குடும்பத்தாரையும் கேளுங்கள். தயங்கினால், கட்டுரையில் தேவையான வரிகளைப் பெயர் நீக்கித் தாருங்கள். ஒலிப்பதிவை, செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு மையம் நடத்தும் ஜெனோடோ இணையக் களஞ்சியத்தில், அனுமதி பெற்றவர் மட்டும் கேட்கும்படி கட்டுப்படுத்திய அணுகலில் வைக்கலாம். அங்கே கட்டணம் இல்லை. டிஓஐ எண்ணும் தருவார்கள்.

ஏற்புக் கடிதம் வந்ததும், திருத்திய இறுதிக் கைப்பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சேர்க்க அனுமதி உண்டா என்று இதழாசிரியரிடம் எழுதிக் கேளுங்கள். இதழின் தளம் என்றாவது நின்றுபோனாலும் அந்தப் பிரதி கிடைக்கும்.