போட்டோகொப்பிக் கடையும் விடாத இருமலும்

கேள்வி: வயது 34. திருகோணமலை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். சின்ன அறை, ஏசி போட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தியே வைத்திருப்போம். இரண்டு போட்டோகொப்பி மெஷினும் ஒரு லேசர் பிரிண்டரும் நாள் முழுக்க ஓடும். இரண்டு மாதமாக வறட்டு இருமல். பின்னேரமானால் தலையிடி, கண் எரிவு. ஞாயிறு, போயா நாட்களில் வீட்டில் நின்றால் சுகமாக இருக்கிறது. மெஷின் தூளால் புற்றுநோய் வருமா?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். கடையிலோ கந்தோரிலோ பிரிண்டரோடு வேலை செய்தவர்களுக்கு அதனால் புற்றுநோய் வந்தது என்று காட்டும் உறுதியான சான்று இல்லை. ஆனால் லீவு நாளில் குறைந்து வேலை நாளில் கூடுகிற இருமலை நான் சும்மா விடமாட்டேன். அந்த அறையின் காற்றைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

டோனர் என்பது பிளாஸ்டிக்கும் கரியும் கலந்த மெல்லிய தூள். அதைத் தாளில் உருக்கி ஒட்டுவதற்கு மெஷினுக்குள் உள்ள உருளை 150 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் கிளம்பும் ஆவி, வெளியே வந்து ஆறும்போது 0.1 மைக்ரோனிலும் சிறிய துகள்களாகிறது. கையில் ஒட்டும் கறுப்புத் தூளைவிட, கண்ணுக்கே தெரியாத இவைதான் நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியவை. பழைய மெஷின் என்றால் ஓசோனும் சேரும். மூக்கைக் குத்தும் அந்த வாடையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு இது இன்னும் கெடுதல்.

சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, அறைக்குள் இருப்பதையே குளிராக்கிச் சுற்றவிடுகிறது. கச்சான் வெக்கைக் காற்று அடிக்கிற நாட்களில் நம் ஊரில் யார்தான் கதவைத் திறப்பார்கள்? ஏ.எல். பரீட்சை நெருங்கி, பிள்ளைகள் பாஸ்ட் பேப்பர் கட்டுக்கட்டாகக் கொப்பி எடுக்கும்போது அந்த அறையில் என்ன தேங்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலாளியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: சுவரில் ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன், அதற்கு எதிர்ப்பக்கம் காற்று வர ஒரு திறப்பு. அதுவரை காலையிலும் மத்தியானமும் கதவை அகலத் திறந்து விடுங்கள். மெஷினின் காற்று வெளிவரும் பக்கம் உங்கள் முகத்தைப் பார்த்தபடி இருந்தால் இன்றைக்கே திருப்பி வையுங்கள். கொட்டிய டோனரை ஊதவோ கூட்டவோ கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். சாதாரண சேர்ஜிக்கல் மாஸ்க் இந்தத் துகளைத் தடுக்காது.

இன்னொன்று, மெஷின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிடாதீர்கள். கடைக்குள் நுளம்புத்திரி கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவு நுண்துகளை விடுகிறது என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. காலையில் சாம்பிராணி போடுவதென்றால் கதவைத் திறந்துவைத்துப் போடுங்கள்.

அப்புறம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை கட்டாயம். காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் மெஷின்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகவே செய்வார்கள். அங்கே பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி) பற்றியும் கேளுங்கள். அதில் ஊதி வரும் அளவை, வேலை நாள் லீவு நாள் இரண்டிலும், ஒரு நாளைக்கு நாலு தடவையாக மூன்று, நாலு வாரம் கொப்பியில் எழுதி வந்தால் தொய்வா, அது கடையால் வருகிறதா என்பது தெரியவரும். இரவில் இழுப்பு, சளியில் இரத்தம், காய்ச்சல், மெலிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தவணைக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.