அங்குலமா, ஹெக்டோபாஸ்கலா? காற்றழுத்த அலகுகளை மாற்றும் முறை

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் உள்ள பழைய வட்டமுகக் காற்றழுத்தமானியின் முள் 29.65 அங்குலத்தில் நிற்கிறது. அதே நேரத்திற்குரிய வானிலை அறிக்கை 1004 ஹெக்டோபாஸ்கல் என்கிறது; என் கைப்பேசியில் உள்ள அழுத்த உணரியோ 962 ஹெக்டோபாஸ்கல் என்று காட்டுகிறது. நான் வசிக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 370 மீட்டர் உயரத்தில் உள்ளது. இந்த அலகுகளை எப்படி மாற்றிப் பார்ப்பது? மூன்றில் எது சரி?

பதில்: மூன்றுமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் கணக்கை முடித்துவிடுவோம். ஓர் அங்குலப் பாதரசம் 33.8639 ஹெக்டோபாஸ்கலுக்குச் சமம். ஆகவே 29.65-ஐ அதனால் பெருக்கினால் 1004.06 கிடைக்கிறது, உங்கள் முள் காட்டுவதும் வானிலை அறிக்கை சொல்வதும் ஒரே அழுத்தம்தான். முகப்பில் நூறில் ஒரு பங்கு அங்குலம் வரைதான் படிக்க முடியும் என்பதாலும், அந்த ஒரு பங்கே 0.34 ஹெக்டோபாஸ்கல் ஆகிவிடும் என்பதாலும், விடையை 1004 என்று எழுதினால் போதும். தசமப் புள்ளிக்குப் பின்னால் இலக்கங்களை அடுக்குவதால் துல்லியம் கூடிவிடாது.

மில்லிமீட்டர்ப் பாதரசத்தில் வேண்டுமென்றால் 29.65-ஐ 25.4-ஆல் பெருக்குங்கள், 753.1 வரும். ஹெக்டோபாஸ்கலில் இருந்து மில்லிமீட்டருக்கு வருவதற்கு மனக்கணக்கே போதுமானது: முக்கால் பங்கு எடுத்தால் போதும். 1004-இல் முக்கால் 753. உண்மையான விடையிலிருந்து இது 0.1 மில்லிமீட்டர்கூட விலகுவதில்லை. மில்லிபார், ஹெக்டோபாஸ்கல் இரண்டும் ஒன்றே என்பதால், பழைய வரைபடங்களில் மில்லிபார் என்று கண்டால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நீளத்தை அளக்கும் அங்குலமும் மில்லிமீட்டரும் அழுத்தத்தின் அலகாக வந்ததற்குக் காரணம், காற்றின் அழுத்தம் எவ்வளவு உயரமான பாதரசத் தம்பத்தைத் தாங்குகிறது என்பதே அன்று அளவாக இருந்ததுதான். ஆனால் பாதரசத்தின் அடர்த்தி வெப்பநிலைக்கு ஏற்பவும், ஈர்ப்பு இடத்துக்கு ஏற்பவும் மாறும் என்பதால், 0 பாகை செல்சியஸில் உள்ள அடர்த்தியையும் 9.80665 என்ற நியம ஈர்ப்பு முடுக்கத்தையும் வைத்தே மேற்சொன்ன 33.8639 வரையறுக்கப்பட்டுள்ளது. உண்மையான பாதரசக் குழாயும் பித்தளை அளவுகோலும் கொண்ட கருவியை 30 பாகை வெப்பத்தில் படிப்பவர், விரிந்த பாதரசத்திற்காக ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டரைக் கழித்த பிறகே பெருக்க வேண்டும். கழிக்க மறந்தால் பிழை 5 ஹெக்டோபாஸ்கலை நெருங்கும். உங்களுடையது உலோகப் பெட்டியின் அசைவால் இயங்கும் கருவி, அதில் பாதரசமே இல்லை. ஆகவே இந்தத் திருத்தம் உங்களுக்கு வேண்டியதில்லை.

இனி அந்த 962. இதை எந்த அலகுக்கு மாற்றினாலும் 1004 ஆகாது; வேறுபாடு அலகில் இல்லை, அளக்கப்படும் பொருளில் இருக்கிறது. கைப்பேசியின் உணரி அது இருக்கும் இடத்தில் உள்ள அழுத்தத்தை அப்படியே தருகிறது. வானிலை அறிக்கையோ, வெவ்வேறு உயரங்களில் உள்ள நிலையங்களை ஒப்பிடுவதற்காக, எல்லா அளவீடுகளையும் கடல்மட்டத்துக்கு இறக்கிக் கணக்கிட்டுச் சொல்கிறது. தாழ்ந்த நிலப்பகுதிகளில் ஏறத்தாழ 8 முதல் 9 மீட்டர் ஏறும்போது 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். உங்கள் 370 மீட்டருக்குச் சுமார் 42 குறைய வேண்டும், அப்படியே குறைந்திருக்கிறது. சுவரில் உள்ள கருவி 1004-க்கு இணையாக நிற்கிறதென்றால், யாரோ அதன் பின்புறத் திருகைத் திருப்பிக் கடல்மட்ட அழுத்தத்துக்குப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கருவிகளுக்கு அதுவே வழக்கம். முகப்பில் மழை, தெளிவு என்று அச்சிட்டிருக்கும் குறிப்புகளும் அந்த அளவுக்கே எழுதப்பட்டவை. (அந்தக் குறிப்புகளை நான் பொருட்படுத்துவதில்லை, முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.)

அட்மாஸ்பியர் என்ற அலகிலும் இதே குழப்பம் நேரும். 1954-இல் நிர்ணயிக்கப்பட்டபடி அது 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற மாறாத எண். இன்றைக்கு உங்கள் ஊரில் நிலவும் அழுத்தம் அல்ல. அதைப் போலவே, டயர் அழுத்தமானி காட்டும் 32 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு விசை என்ற அலகு), சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட பகுதி மட்டுமே. மொத்த அழுத்தம் வேண்டுமானால், கடல்மட்டத்தில் சுமார் 14.7-ஐச் சேர்த்த பிறகே ஒரு பிஎஸ்ஐக்கு 68.95 ஹெக்டோபாஸ்கல் என்று பெருக்க வேண்டும்.

கருவியின் திருகை எப்போதாவது நீங்களே திருப்ப நேர்ந்தால், கண்ணாடியை மெல்லத் தட்டி முள்ளை நிலைப்படுத்திவிட்டு, அதே மணிக்குரிய அறிக்கையோடு மட்டும் ஒப்பிடுங்கள். வெப்பமண்டலப் பகுதிகளில் அழுத்தம் காலை 10 மணி அளவில் உச்சத்தை அடைந்து மாலை 4 மணி அளவில் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். காலை அறிக்கையை வைத்துக்கொண்டு மாலையில் திருகைத் திருப்பினால், முகப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அங்குலப் பிழை நிரந்தரமாகத் தங்கிவிடும்.