ஜாக்கி வாங்குமுன் ஸ்டாண்டு வாங்குங்கள்

கேள்வி: சிறிய ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறேன். வாரன்டி முடிந்துவிட்டதால் ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புகிறேன். காரோடு வந்த ஜாக்கியே போதுமா, சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி வாங்க வேண்டுமா? எத்தனை டன் வாங்குவது? காரின் அடியில் ஹாலோ பிளாக் கொடுத்துக்கொண்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
- கோவை வாசகர்

பதில்: காரோடு வரும் கத்தரி ஜாக்கி, வழியில் பஞ்சரானால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்காகத் தரப்படுவது. அதன் அடித்தட்டு உள்ளங்கை அகலமே இருக்கும். பக்கவாட்டில் சற்றுத் தள்ளினாலும் சாய்ந்துவிடும். அதை நம்பிக் காரின் அடியில் படுக்கக் கூடாது என்று கையேட்டிலேயே எச்சரிக்கை இருப்பதைப் பார்க்கலாம். டிராலி ஜாக்கி இதைவிட உறுதியானது என்றாலும், அதுவும் தூக்குவதற்கான கருவியே தவிர, தூக்கியதை ஏந்திக்கொண்டு நிற்பதற்கானது அன்று. அதற்குள் பாரத்தைச் சுமப்பது எண்ணெய். அந்த எண்ணெயை வெளியேறாமல் தடுத்து நிறுத்துவது ஒரு ரப்பர் சீலும் ஒரு சிறு வால்வும். சீல் கிழிந்தால் கார் இறங்கிவிடும். அது எப்போது கிழியும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே கையிலுள்ள பணம் ஏதேனும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், தூக்கிய காரை அடியில் நின்று தாங்கும் இரும்புக் கால்களான ஸ்டாண்டு ஒரு ஜோடியை முதலில் வாங்குங்கள் என்பேன். தூக்குவதற்குச் சில காலம் பழைய ஜாக்கியே போதும்.

டன் கணக்கைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டியதில்லை. சிறிய ஹேட்ச்பேக்கின் எடை ஏறக்குறைய 800 முதல் 1,000 கிலோ வரை; ஒரு முனையைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் விழுவது அதில் ஒரு பகுதியே. எனவே 2 டன் டிராலி ஜாக்கி தாராளமாகப் போதும். பெரிய எஸ்யுவி வைத்திருப்பவர்கள் மட்டும் 3 டன் பார்க்கலாம். ஸ்டாண்டு வாங்கும்போது, பெட்டியில் போட்டிருக்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டு விதமாகவும் அச்சிடுகிறார்கள்.

உண்மையில் பலர் ஏமாறுவது டன்னில் அல்ல, உயரத்தில். விலை குறைவு என்று, பாட்டில்போலச் செங்குத்தாக நிற்கும் பாட்டில் ஜாக்கி வாங்கிவந்து பார்த்தால், பெரும்பாலானவை முழுக்க இறக்கிய நிலையிலேயே 18 செ.மீ.க்குமேல் நிற்கும், ஹேட்ச்பேக்கின் அடியில் அது நுழையவே நுழையாது, டயரில் காற்று இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். டிராலி ஜாக்கியில் இந்தத் தொல்லை இல்லை, 13 செ.மீ. அளவுக்குத் தாழ்பவை எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் அது எவ்வளவு உயரம் தூக்கும் என்பதை ஸ்டாண்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டின் மிகக் குறைந்த உயரமே 28 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கார் அதற்கும் மேலே எழும்பினால்தான் ஸ்டாண்டை உள்ளே தள்ள முடியும். ஜாக்கியை ஒரு கடையிலும் ஸ்டாண்டை வேறொரு கடையிலும் வாங்கி, ஒன்றுக்கொன்று எட்டாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஹாலோ பிளாக் யோசனையை அடியோடு கைவிடுங்கள். சுவரில் பாரம் பரவலாக விழுவதால் அது தாங்குகிறது. காரின் விளிம்பு ஒரே புள்ளியில் அழுத்தும்போது கல் வளையாது, விரிசல் விட்டு எச்சரிக்காது, நொறுங்கிவிடும். செங்கல்லுக்கும் இதே கதிதான்.

கேள்வி: கடையில் இரண்டு வகை ஸ்டாண்டு காட்டினார்கள். ஒன்றில் பற்கள் உள்ள தண்டு, நெம்புகோலை விட்டால் தானாகவே பூட்டிக்கொள்கிறது. மற்றதில் துளைக்குள் ‘பின்’ எனப்படும் உலோகக் கம்பியைச் செருக வேண்டும். முதல் வகைதான் நவீனமானது என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: பல் வைத்தது வசதியானது, பின் வைத்தது எளிமையானது. நான் எளிமையின் பக்கம். அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் என்னும் நிறுவனம், பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் பல் வகை ஸ்டாண்டுகளை 2020 மார்ச்சில் இலட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. உற்பத்தி அச்சுகள் தேய்ந்துபோனதால் பல்லும் அதைப் பிடிக்கும் கொண்டியும் சரியான ஆழத்தில் கவ்வாமல், மேலே இருக்கும் கார் சற்று அசைந்தாலே தண்டு திடீரென்று இறங்கக்கூடும் என்பது காரணம். அதே ஆண்டில் வேறொரு 3 டன் ஸ்டாண்டையும் வெல்டிங் குறைக்காக அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது; பழையதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிப்போனவர்களும் இரண்டாம் முறை கடைக்கு நடந்தார்கள். பல் வகை எல்லாமே கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் பின் முழுவதுமாக மறுபக்கம் வந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துவிடலாம். பல் எவ்வளவு ஆழம் கவ்வியிருக்கிறது என்பதை அப்படிப் பார்க்க முடியாது. பல் வகையையே வாங்குவதென்றால், கடையிலேயே ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தி, நெம்புகோலைக் கீழ்நோக்கித் தட்டி, தண்டின் தலையை உள்ளங்கையால் ஓங்கி அழுத்திப் பாருங்கள். எந்த வகையானாலும் வெல்டிங்கில் துளையோ விட்டுப்போன இடமோ இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். நாளை ஒரு குறை என்றால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

கேள்வி: எங்கள் வீட்டுப் போர்டிகோ, மழைநீர் வடிவதற்காக வாசல் பக்கம் சற்றுச் சரிந்திருக்கிறது. கியரில் போட்டுவிட்டால் அங்கேயே வேலை செய்யலாமா?
- மதுரை வாசகர்

பதில்: கூடாது. அண்மைக்காலச் சிறிய கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் ஓடுபவை. ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கியதும், இரு சக்கரங்களும் தனித்தனி வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு காரணமாக, தரையிலிருக்கும் சக்கரம் ஒரு பக்கம் உருள, தொங்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழலும். கியர் எதையும் பிடித்து நிறுத்துவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானே இதை அறியாமல், ஹேண்ட் பிரேக் போட மறந்து, முதல் கியரை நம்பி முன்சக்கரத்தைத் தூக்கினேன். கார் நான்கு விரற்கடை நகர்ந்தது, ஜாக்கி படுத்துவிட்டது, பிரேக் டிஸ்க் தரையில் பதிந்தது. கை உள்ளே இல்லை என்பதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் தூக்கினால் நிலைமை தலைகீழ்: ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கும் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும், கியர் மட்டுமே காரைப் பிடித்திருக்கும். எனவே சமதளம், கியர், ஹேண்ட் பிரேக் மூன்றும் இருந்தாலும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை கொடுத்தாக வேண்டும்.

டிராலி ஜாக்கியின் கை வட்டமாக எழும்புவதால், காரைத் தூக்கத் தூக்க ஜாக்கி தன் சக்கரங்களில் சற்று உருண்டு காரின் அடியில் நகர வேண்டும். மண் தரையிலும் பேவர் பிளாக் இடுக்கிலும் அந்தச் சக்கரம் மாட்டிக்கொண்டால், ஜாக்கிக்குப் பதிலாகக் கார் நகரும். சித்திரை வெயிலில் இளகிய தார்ச்சாலையில் ஸ்டாண்டின் கால்கள் புதையும். கனமான பிளைவுட் துண்டு போட்டு அதன்மேல் நிறுத்துங்கள்.

தூக்கும் இடத்தைக் கையேடு படம் போட்டுக் காட்டும். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னே, கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் விரலை ஓட்டினால் இரண்டு வெட்டுகள் தட்டுப்படும்; பல கார்களில் அவற்றுக்கிடையே உள்ள பகுதிதான் வலுவூட்டப்பட்டது. ஜாக்கியும் ஸ்டாண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் என்பதால், முன்பக்கம் நடுவில் தூக்கும் இடத்தைக் கையேடு குறித்திருந்தால் அங்கே ஜாக்கியைக் கொடுத்து, இரு விளிம்புகளிலும் ஸ்டாண்டுகளை நிறுத்துவது சுலபம். எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பிலோ கியர்பாக்ஸிலோ ஜாக்கியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். கார் ஸ்டாண்டில் அமர்ந்ததும் இடுப்பால் முட்டி ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைக்காமல் காரின் அடியில் படுக்கவைத்துவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய டிராலி ஜாக்கி, காரைத் தூக்கிய அரை மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடுகிறது. திருப்பி அனுப்பும் 7 நாள் கெடு முடிந்துவிட்டதால் எதுவும் செய்ய இயலாது என்கிறார் விற்பவர்.
- சென்னை வாசகர்

பதில்: முதலில், இறக்கும் வால்வைத் திறந்துவைத்து, பாரமில்லாமல் பத்துப் பன்னிரண்டு முறை கைப்பிடியை அடியுங்கள்; எண்ணெயில் சிக்கிய காற்று வெளியேறும். பிறகு வால்வை இறுக மூடி, அடியில் ஸ்டாண்டு நிற்க, மறுபடி தூக்கிப் பாருங்கள். அதன் பின்பும் இறங்கினால் அது குறையுள்ள பொருள்தான். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. அவருடைய 7 நாள் கெடு இந்தக் கடமையை இல்லாமல் ஆக்கிவிடாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்த படியான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 இலட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி, ஜாக்கி இறங்குவதை இடைவெட்டில்லாமல் காணொளியாக எடுத்து, ரசீதுடன் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஜாக்கியைப் பிரிக்கவோ எண்ணெய் மாற்றவோ வேண்டாம். நீங்கள் திறந்ததால்தான் கெட்டது என்பதுதான் அவர்கள் சொல்லப்போகும் முதல் பதில்.